தர்மம் யாருக்கு உரியது? நாஞ்சில் நாட்டில் ஒரு சொல்லின் சரித்திரம்

கன்னியாகுமரிக் கடற்பாறையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி என்பதையும், அது குறளின் 133 அதிகாரங்களைக் குறிப்பதென்பதையும் அங்கு வரும் யாத்திரிகருள் பெரும்பாலோர் அறிவர். ஆயினும், அவ்வுயரத்தில் 38 அடி பீடத்துக்கும் 95 அடி உருவத்துக்கும் உரியவை என்பதும், பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கும், உருவம் ஏனைய இரு பால்களின் அதிகாரங்களுக்கும் ஈடாகக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை என்பதும் அத்துணை பேர் மனத்தில் பதிவதில்லை. பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்கவேண்டியவை என்னும் கொள்கையைக் கணபதி ஸ்தபதி இவ்வாறு கல்லில் வடித்தார். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அச்சிலை திறந்துவைக்கப்பட்டது.

அறத்தைப் பற்றிப் பேசுவதற்கு, நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவுக்கு அதனினும் பழைய உரிமை ஒன்று உண்டு. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டு ஆராய்ந்தவராகப் பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டாசான், விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்பது இப்பகுதி அறிஞர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. அவரை அறிமுகம் செய்யும் பாயிரம், அவருடைய வேதப் பயிற்சியைச் சொல்வதற்கு முன்பாகவே அறம் பேசும் அவருடைய நாவைச் சொல்கிறது. இத்தகைய பெருமையுடைய நாட்டில், வயல் வரப்புகளிலும் சந்தைகளிலும் கல்யாண வீடுகளிலும் நடைபெறும் சாதாரண சம்பாஷணையைச் செவிகொடுத்துக் கேட்பவர் 'அறம்' என்னும் சொல்லைக் கேட்பது மிக அரிது. நல்லொழுக்கத்தைக் குறிக்க ஜனங்களுக்குச் சொற்களா இல்லை? ஏராளமாக உண்டு. தர்மம், புண்ணியம், நியாயம், நீதி, நன்மை, குணம், முறை, மரியாதை, யோக்கியதை என அவை நாளும் வழங்குகின்றன. இவற்றுள் தர்மம் என்ற ஒரு சொல்லுக்காக இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த போராட்டத்தை எடுத்துரைப்பதும், அதன் வெளிச்சத்தில் ஏனைய சொற்களின் அன்றாடப் பிரயோகத்தை நோக்குவதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் அறம் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் அறம்வளர்த்த அம்மனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசி மாதத்தில் அவ்வம்மனுக்குத் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. அப்பெயரைச் சொல்லும் பக்தர் அனைவரும் தம்மையறியாமல் அறத்தின் பெயரையும் உச்சரிக்கின்றனர். நொந்த புலவன் அறம் பாடினால் பாடப்பட்டவன் குடி விளங்காது என்னும் அச்சம் கதைகளிலும் முதியோர் நினைவிலும் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அறக்கட்டளைகள் பதிவாகின்றன. கோயிலிலும் சாபத்திலும் பத்திரத்திலும் வாழும் இச்சொல், ஒரு தாய் தன் மகனைக் கண்டிக்கும்போதோ, வரப்புத் தகராறில் இரண்டு வயற்காரர்கள் வாதாடும்போதோ வெளிப்படுவதில்லை. அங்கே வருவது 'நியாயம்'. அதுவும் 'ஞாயம்' என்று நாவுக்கு இசைந்த உருவத்தில் வரும்.

தர்மம் என்னும் சொல் அறத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதென்று சிலர் கருதுவர். அது பாதி உண்மையே. தாங்குதல் என்னும் பொருளுடைய வடமொழித் தாதுவினின்றும் பிறந்த அச்சொல், உலகைத் தாங்கும் ஒழுங்கு, அவரவர்க்கு விதித்த கடமை, நீதி, சமயநெறி, பொருள்களின் இயல்பு என்றெல்லாம் விரிந்த ஆட்சியுடையது. தமிழ்ப் பேச்சில் அது பெரும்பான்மையும் கொடையையே, அதிலும் ஏழைக்குப் போடும் பிச்சையையே குறித்து நிற்கிறது. வாசலில் வந்து நிற்பவர் 'தர்மம் போடுங்கம்மா' என்கிறார். அவரைத் 'தர்மக்காரர்' என்கிறோம். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் 'தர்மாஸ்பத்திரி' என்று பெயர். கூலி தராமல் வேலை வாங்க நினைப்பவனிடம் 'தர்மத்துக்கா வேலை செய்யுதேன்?' என்று தொழிலாளி கேட்கிறான். நல்லொழுக்கம் என்னும் விரிந்த பொருள், 'தர்மசங்கடம்', 'தர்மநியாயம்' போன்ற கூட்டுச்சொற்களிலும், 'இது தர்மமா?' என்று பாதிக்கப்பட்டவர் கையை விரித்துக் கேட்கும் ஒரு கேள்வியிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்தக் கேள்வி மிக முக்கியமானது; அதற்குப் பின்னர் வருவோம்.

ஒழுக்கம் முழுமைக்கும் உரிய பெயர் கொடை ஒன்றுக்கே உரியதாகச் சுருங்குவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எபிரேய மொழியில் நீதியைக் குறித்த 'ஸெதாக்கா' என்னும் சொல் காலப்போக்கில் ஏழைகளுக்குக் கொடுப்பதைக் குறிப்பதாயிற்று. வாய்மையைக் குறிக்கும் வேரினின்றும் பிறந்த அரபுச் சொல்லாகிய 'சதக்கா' இன்று தக்கலையிலும் குளச்சலிலும் வாழும் முஸ்லிம்கள் வாயில் மனமுவந்து செய்யும் கொடையின் பெயராக வழங்குகிறது. அன்பைக் குறித்த லத்தீன் 'காரித்தாஸ்' ஆங்கிலத்தில் 'சாரிட்டி' ஆகி அதே கதியை அடைந்தது. மனிதனுடைய நற்குணங்களுள் அடுத்தவர் கண்ணுக்கு எளிதில் தென்படுவது கொடையே; பொறுமையையும் வாய்மையையும் புலனடக்கத்தையும் அறிய நெடுநாள் பழகவேண்டும், கொடுக்கும் கையையோ வழிப்போக்கனும் காண்பான். ஆதலால் முழுமையின் பெயர் அந்த ஒரு பகுதிக்குப் போய்ச் சேர்வதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டில் இப்பொருட்சுருக்கத்துக்கு இந்த இயற்கைக் காரணத்தோடு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது, அது அரசாங்கம்.

இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவாக அமைந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாள் சென்னை ராஜ்யத்தோடு இணையும் வரை, முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் அடங்கியிருந்தன. அச்சமஸ்தானம் தன்னைத் 'தர்மராஜ்யம்' என்றே அழைத்துக்கொண்டது. 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 'தர்மராஜா' என்னும் பட்டப்பெயராலேயே சரித்திரத்தில் அறியப்படுகிறார். திப்பு சுல்தானின் படையெடுப்பின்போது மலபாரிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அவர் அடைக்கலம் தந்ததை நினைத்தால், அப்பட்டம் வெறும் முகஸ்துதியன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சமஸ்தானத்தின் இலச்சினையில் சங்கின்கீழ்ப் பொறிக்கப்பட்ட வடமொழி வாசகம் 'தர்மமே எம் குலதெய்வம்' என்னும் பொருளுடையது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் தர்மம் என்பதற்கு 'சாரிட்டி' என்னும் சொல்லையே இட்டனர். லண்டன் மிஷன் ஊழியராகத் திருவிதாங்கூரில் வாழ்ந்த சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலுக்குச் சூட்டிய பெயரும் தமிழில் 'தர்மபூமி' என்று சொல்லத்தக்கதே.

அந்தத் தர்மத்தின் பெரும்பங்கு எது எனின், பிராமணர்க்கு இலவசமாக அன்னமிடுதலேயாம். அதற்கென்று நாடெங்கும் ஊட்டுப்புரைகள் இருந்தன. மார்த்தாண்டவர்மா 1750-இல் ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்படைத்த பிறகு, அரசனுடைய செலவெல்லாம் சுவாமியின் செலவு என்னும் பாவனையில் நடந்தது. ஆறாண்டுக்கொருமுறை நிகழும் முறைஜபம் என்னும் வேதபாராயணத்துக்குத் தூரதேசத்து வைதிகர்களும் வந்து பல வாரங்கள் தங்கி உண்டு தட்சிணை பெற்றுச் சென்றனர். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கச் செல்வோர் அங்கே இரண்டு தளங்களில் நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையை இன்றும் காணலாம். ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணத்தக்கது என்று அதைச் சொல்வர். பசித்தவனுக்குச் சோறிடுவது எந்தச் சமயத்திலும் எந்தக் காலத்திலும் நற்செயலே. எனினும் அந்தச் சோறு எந்த வயலில் விளைந்தது, அவ்வயலில் சேற்றில் நின்றவர் யார், அவருக்கு அந்தப் பந்தியில் இடம் இருந்ததா என்னும் கேள்விகளைத் தவிர்த்துவிட்டு ஒரு நாட்டைத் தர்மராஜ்யம் என்று அழைக்க நமக்கு மனம் வரக்கூடாது.

அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த ஓலை ஆவணங்கள் நாஞ்சில் நாட்டின் பழைய வாழ்க்கைக்குச் சிறந்த சான்றுகள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்துப் பிரதிசெய்த பெருமைக்குரியவர். அவற்றில் நிலம், நீர், வரி பற்றிய ஓலைகளோடு மனிதர்களை அடிமையாக விற்றதற்கான ஓலைகளும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். கீழ்ப்படுத்தப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்தோர் கூலியில்லாமல் அரசாங்கத்துக்குச் செய்யவேண்டிய வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். கோயிலுக்கும் கொட்டாரத்துக்கும் நெல்லும் ஓலையும் விறகும் சுமந்து சென்றவர்கள், தாம் சுமந்த நெல் சோறாகி விளம்பப்பட்ட இடத்துக்கு அருகிலும் செல்லக்கூடாது. அவர்களுடைய பெண்கள் மேலாடை அணிவதற்கு இருந்த தடையை எதிர்த்துத் தோள்சீலைப் போராட்டம் 1820-களில் மூண்டு, பல்லாண்டுகள் நடந்து, 1859 ஜூலை 26-ஆம் நாள் வந்த அரச விளம்பரத்தோடு ஒருவகையாகத் தணிந்தது. இந்தத் தடைகளைக் காத்தவர்கள் தம்மை அதர்மிகள் என்று கருதவேயில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஜாதியாசாரத்தைக் காப்பது அவர்கள் கணக்கில் தர்மம். மேற்குலத்தார்க்கு அன்னமிடுவதும் தர்மம். ஒரே சொல் ஒரு கையில் இலையையும் மற்றொரு கையில் கோலையும் பிடித்திருந்தது.

சுசீந்திரத்தின் பழைய கைமுக்குப் பரீட்சையும் இவ்வரிசையில் சேர்க்கத்தக்கது. இந்திரன் சுசியான இடம் என்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்லப்படுவதற்கேற்ப, ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் அங்கே கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தம் தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் அவ்வழக்கம் நின்றது. மனத்தின் தூய்மையைத் தோலின் கொப்புளத்தால் அளக்கும் வழக்கத்துக்கும், மனத்தில் மாசில்லாதிருத்தலே அறம் என்று வகுத்த வள்ளுவர் கொள்கைக்கும் இடையேயுள்ள தூரம் மிகப் பெரிது. கைமுக்கு நடந்த கோயிலும் வள்ளுவர் சிலையும் ஒரே வட்டத்துக்குள் சிறிது தூரத்தில் இருக்கின்றன என்பதும் சிந்திக்கத்தக்கது.

இத்தகைய சூழலில், தர்மம் என்னும் சொல்லைக் கைவிடாமல், அதை அரசனிடமிருந்தே மீட்டெடுக்க முற்பட்டவர் அய்யா வைகுண்டர். பூவண்டன்தோப்பு என்று முன்னர் வழங்கிய சாமித்தோப்பில் 1809-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட, கீழ்ஜாதிக் குழந்தைக்கு அப்பெயரா என்று மேலோர் எதிர்த்தமையால் அது 'முத்துக்குட்டி' என மாற்றப்பட்டதென்பர். 1833-இல் திருச்செந்தூர்க் கடலில் அவர் புதுப்பிறவி எடுத்ததாக அன்பர்கள் நம்புகின்றனர். அவருடைய செல்வாக்கைக் கண்டு அஞ்சிய அரசாங்கம் அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்துப் பின்னர் விடுவித்தது. 1841-இல் அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதிய 'அகிலத்திரட்டு அம்மானை' அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் ஆகமமாக விளங்குகிறது.

அகிலத்திரட்டில் தர்மம் என்னும் சொல் எடுக்கும் உருவம் நம் கவனத்துக்குரியது. தன்னைத் தர்மராஜ்யம் என்று அழைத்துக்கொண்ட நாட்டின் அரசன் அங்கே கலியின் உருவாகிய நீசனாக வருகிறான். அவன் ஏழைகளிடம் பிடுங்கும் வரிகளும் வாங்கும் ஊழியங்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. இனி வரப்போவது 'தர்மயுகம்' என்று உரைக்கப்படுகிறது. கீழே அழுத்தப்பட்டுக் கிடப்பவரை எழுப்பிக் காத்துநிற்பதே தர்மம் என்னும் இலக்கணமும் அதிலே தெளிவாக அமைந்துள்ளது. இவ்விலக்கணத்தின் பெருமையை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பது என் அபிப்பிராயம். தர்மசாஸ்திர நிபந்தங்கள் தானத்தைப் பற்றிப் பேசுமிடங்களில், கொடுப்பவனுக்கு வரும் பலனும் பெறுபவனுடைய பாத்திரத்தன்மையும் விரிவாக ஆராயப்படும். கல்வியும் குலமும் ஆசாரமும் உடையவனே சத்பாத்திரம். வைகுண்டர் அந்தத் தராசைத் தலைகீழாகத் திருப்பி, தாழ்த்தப்பட்டிருப்பதே பெறுவதற்குரிய தகுதி என்றார். தர்மத்தின் அளவுகோல் கொடுப்பவன் கையைவிட்டு, எழுந்து நிற்பவனுடைய முதுகெலும்புக்கு மாறிற்று.

சொல்லை மாற்றியதோடு அவர் நிற்கவில்லை. எல்லா ஜாதியாரும் ஒன்றாக நீராடும்படி முந்திரிக்கிணறு வெட்டப்பட்டது. வாகைப்பதியில் துவையல் பந்தி நடத்திக் குடும்பங்களை ஒன்றாக உண்டு உறங்கி ஒழுங்கோடு வாழப் பழக்கினார். இடுப்பில் துண்டைக் கட்டிக் குனிந்து நிற்கவேண்டியவர்கள் தலைப்பாகை அணிந்து கண்ணாடியின் முன் வணங்கினர். ஊர்தோறும் எழுந்த வழிபாட்டிடங்களாகிய நிழல்தாங்கல்களில் இன்றைக்கும் நடைபெறும் உணவளிப்பைத் தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைப்போல 'அன்னதானம்' என்று சொல்லாமல் 'அன்னதர்மம்' என்றே சொல்லுகின்றனர். தானம் என்றால் கொடுப்பவனும் வாங்குபவனும் வேறாக நிற்பர். தாங்கலின் முற்றத்தில் வரிசையாய் அமர்ந்து உண்பவர்களிடையே அந்தப் பேதத்தைக் காண்பது அரிது, ஏனெனில் ஆக்கிப் படைத்தவரும் அதே பந்தியில் அமர்கிறார். ஊட்டுப்புரையின் தர்மத்துக்குத் தாங்கலின் தர்மம் கூறிய பதில் இதுவே.

கிறிஸ்தவ சமயம் வேறொரு வழியாக இச்சொற்களைத் தொட்டது. 1544-இல் இக்கரையோரமாக நடந்துசென்ற சவேரியார் காலத்துக்குப்பின் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழில், தேவ நற்கருணை 'நன்மை' என்று வழங்கியது. முட்டத்திலும் குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகள் முதன்முதலாக அதைப் பெறும் நாளுக்குப் 'புதுநன்மை' என்று பெயர். நன்மை என்னும் அருவமான சொல் கையில் வாங்கி நாவில் வைக்கத்தக்க ஒன்றாக மாறிய இப்பிரயோகத்தைக் காட்டிலும் அழகியது எனக்குத் தெரிந்தவரை இல்லை. 1806-இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்ததோடு தொடங்கிய சீர்திருத்த சபையினரின் வேதாகமத் தமிழிலோ, ஒழுக்கத்தின் முழுமைக்கு 'நீதி' என்றும், ஏழைக்குக் கொடுப்பதற்குத் 'தர்மம்' என்றும் பகுத்துவைத்தனர். ஆகவே அச்சபைகளில் 'நீதிமான்' என்றால் நீதிமன்றத்தோடு சம்பந்தமில்லாத உத்தமன். சாலையைக் கடந்து தேநீர்க்கடைக்கு வந்தால் அதே 'நீதி' வழக்கும் வக்கீலும் ஆகிவிடுகிறது. ஒரே தெருவில் வாழ்பவர்கள் ஒரே சொல்லை இருவகையாகப் பயன்படுத்தியும் ஒருவரையொருவர் தவறாக உணர்வதில்லை.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் பணிபுரிந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1922-ஆம் ஆண்டும் 1924-ஆம் ஆண்டும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற அவர், முதற்பயணத்துக்குப் பின் தென்திருவிதாங்கூரின் நோயாளிகளைக் கண்டு, லண்டனில் தம்மை எதிர்நோக்கியிருந்த பதவியை விடுத்து இங்கேயே தங்கினார். தர்மாஸ்பத்திரி என்னும் சொல்லில் உள்ள தர்மம், அத்தகையோர் விஷயத்தில் இலவசம் என்னும் பொருளைக் கடந்து தன் பழைய அகலத்தை மீண்டும் அடைகிறது.

இனி, சமயமும் அரசும் அருகில் இல்லாத வேளைகளில் ஜனங்கள் நன்மையை எவ்வாறு பேசுகின்றனர் என்று பார்க்கலாம். 'நல்ல' என்னும் அடை இங்கே பெறும் பொருள் விசேஷமானது. மேற்கு வட்டங்களில் 'மிளகு' என்றாலே மிளகாயைக் கருதுவோர் உண்டு; பழைய கருமிளகு வேண்டுமென்றால் 'நல்லமிளகு' என்று கேட்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த புதுக்காய் பெயரைப் பறித்துக்கொண்டபோது, தொன்றுதொட்டு வந்ததற்கு 'நல்ல' என்னும் அடை தேவைப்பட்டது. எள்ளின் எண்ணெய் நல்லெண்ணெய்; உப்புக் கரிக்காத நீர் நல்லதண்ணீர். இவற்றிலெல்லாம் 'நல்ல' என்பது புகழ்ச்சியன்று. தன் இயல்பில் வழுவாதது, எதுவாக இருக்கவேண்டுமோ அதுவாகவே இருப்பது என்பதே பொருள். 'நல்ல மனுஷன்' என்று ஒருவரைச் சொல்லும்போதும் இதே அர்த்தம் உள்ளே ஓடுகிறது. மனுஷன் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருப்பவர் அவர். ஒவ்வொன்றின் நன்மையும் அதன் இயல்பான தொழிலைச் செவ்வனே ஆற்றுவதில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் விரித்துரைத்ததை, மளிகைக்கடையில் நல்லமிளகு கேட்கும் மூதாட்டி தன் வழியில் அறிந்தே இருக்கிறாள்.

'பாவம்' என்னும் சொல்லின் கதை இதனினும் ஆழமானது. சாஸ்திரத்தில் பாவம் என்பது செய்த தீவினை. இந்த ஜில்லாவிலோ, மலையாளத்தில்போலவே, 'பாவப்பட்டவங்க' என்றால் ஏழைகள். 'அவன் ஒரு பாவமாக்கும்' என்றால் அவன் சூதுவாது அறியாதவன், நல்லவன். வறுமை முற்பிறப்புப் பாவத்தின் பயன் என்னும் பழைய கொள்கையே இப்பிரயோகத்துக்கு அடிப்படையாக இருந்திருக்கக்கூடும். அப்படித் தொடங்கியிருந்தாலும் வழங்கி வழங்கிச் சொல்லிலிருந்து குற்றம் கரைந்துபோய் இரக்கம் மட்டும் எஞ்சிவிட்டது. தீவினையின் பெயரை இரக்கத்தின் பெயராகவும், கடைசியில் கள்ளமின்மையின் பெயராகவும் மாற்றிய ஜனசமூகத்தின் இதயம், அச்சொல்லை முதலில் வகுத்த சாஸ்திரக்காரரின் இதயத்தைக் காட்டிலும் விசாலமானது என்று நான் துணிந்து சொல்வேன்.

புண்ணியம் பெரும்பாலும் வேண்டுகோளோடு வருகிறது. 'ஒனக்குப் புண்ணியம் கிட்டும், இதை அந்த வீட்ல குடுத்துரு மக்களே' என்று பாட்டி பக்கத்துவீட்டுப் பையனிடம் சொல்வாள். சிறிய உபகாரத்துக்குப் பெரிய மறுமைப்பயனை ஈடாக வைக்கும் இந்த வழக்கில், மறுமையைக் காட்டிலும் 'மக்களே' என்னும் விளியின் பரிவுதான் பையனை நடக்கவைக்கிறது. செய்து முடித்ததும் 'நல்லா இருப்பே' என்பாள். குமரிப் பேச்சில் நன்றி பெரும்பாலும் ஆசீர்வாதமாகவே வெளிப்படும். 'முறை' என்பது உறவோடு பிணைந்தது; தாய்மாமன் சீர் கொண்டுவருவதும் முறை, சாவுவீட்டுக்கு முதலில் போய் நிற்பதும் முறை. மருமக்கள்வழிச் சொத்துரிமை நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய காலத்தில், பெற்ற பிள்ளைகளுக்கு உரிமையின்றி மருமக்களுக்குச் சொத்துப் போவதுதான் முறை; அதனால் பெண்களும் குழந்தைகளும் பட்ட துயரத்தைக் கவிமணி தம் 'மருமக்கள்வழி மான்மியத்'தில் பாடினார்; 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அம்முறையை மாற்றிற்று. முறையாக இருந்தது நியாயமாக இல்லையென்பதை ஒரு சமூகம் உணர்ந்து திருத்திக்கொண்டதற்கு இது நல்ல உதாரணம்.

'இது தர்மமா?' என்னும் கேள்விக்கு இப்போது திரும்புவோம். ஒருவர் தமக்கு உரியது மறுக்கப்பட்டதாக உணரும்போதுதான் இக்கேள்வி பிறக்கிறது. கேட்பவர் பிச்சையா கேட்கிறார்? தமக்கு வரவேண்டியதைக் கேட்கிறார். பேச்சுவழக்கில் கொடையாகச் சுருங்கிய தர்மம், அநீதியைக் கண்ட கணத்தில் தன் பழைய முழு உருவத்தோடு எழுந்து நிற்கிறது. தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற்கதவு திறந்த 1936 நவம்பர் 12-ஆம் நாள் விளம்பரமும், அதற்கு முன்னர் நடந்த போராட்டங்களும், இந்தக் கேள்வியை அரசன் செவியில் பலர் சேர்ந்து கேட்டதன் பயனே. பிற்காலத்தில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது பரப்பிய மதிய உணவுத் திட்டத்தையும், அது விரிந்து இன்று 'சத்துணவு' என்று வழங்குவதையும் ஊட்டுப்புரையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு நூற்றாண்டில் நாம் வந்த தூரம் விளங்கும். எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அச்சோற்றுக்கு யாரும் தர்மச்சோறு என்று பெயரிடவில்லை. பெயரிடாததே சரி, ஏனெனில் அது அக்குழந்தைகளின் உரிமை.

அண்மைக்காலத்தில் அறம் என்னும் சொல் எழுத்துத் தமிழில் புதுவலிமையோடு திரும்பியிருப்பதும் குறிப்பிடத்தக்கது. இதே ஜில்லாவில் வளர்ந்து இங்கேயே வாழும் ஜெயமோகன் 2011-இல் 'அறம்' என்னும் பெயரில் வெளியிட்ட சிறுகதைத் தொகுதி, சாமர்வெல் முதலான மெய்யான மனிதர்களை ஆதாரமாகக் கொண்டது. அதைப் படித்த இளைஞர் பலர் அச்சொல்லை மீண்டும் எடுத்தாளக் காண்கிறோம். இதை வரவேற்கிறேன். அதேசமயம், தர்மத்தை வடசொல்லென்று ஒதுக்கி அறத்தை மட்டும் மீட்டால் போதும் என்று வாதிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அறம் என்னும் சொல்லுக்குப் பழமையின் ஒளி உண்டு. தர்மம் என்னும் சொல்லிலோ, அடிமையோலை எழுதப்பட்ட மண்ணில் அதை மறுத்தெழுதியவர்களின் உழைப்பு படிந்திருக்கிறது. அந்த உழைப்பை நாம் இழக்கலாகாது. கைவிட வேண்டியது ஒன்றே: ஒருவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம்.

இச்சொற்களின் நுட்பமான பிரயோகங்கள் முதியோர் நாவில்தான் இன்னும் முழுமையாக உள்ளன. தனிச்சொற்களைத் திரட்டி அகராதியில் ஏற்றினால் அவற்றின் உயிர் வராது. யார் யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த விளியோடு சொன்னார் என்பது சேர்ந்தால்தான் பாவம் எப்போது தீவினை, எப்போது வறுமை, எப்போது வெள்ளையுள்ளம் என்பது விளங்கும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள கல்லூரிகளின் தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை அவரவர் பாட்டன் பாட்டிமார் அருகில் உட்காரவைத்து, தோவாளை முதல் விளவங்கோடு வரை, கோயில் தெருவிலும் கடற்கரையிலும் தாங்கல் முற்றத்திலும் பள்ளிவாசல் தெருவிலும் வழங்கும் இவ்வாக்கியங்களை அப்படியே எழுதிவைக்கச் செய்யவேண்டும். அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்கவேண்டும் என்று அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.